முட்டை அறையில் நூற்றுப்பத்து ஆம்பியர்

அந்த அறையின் கதவு மூடும் விதம் ஜெர்லினுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. மற்றக் கதவுகளைப் போல அது அடித்துக்கொண்டு மூடாது. விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. தள்ளினால் மெத்தென்று போய் ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு உள்ளே ஒருவர் கத்தினாலும் வெளியே கேட்காது.

சேலம் நாமக்கல் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் தாண்டி உள்ளே போனால் சென்னிமலை என்பவரின் கோழிப்பண்ணை. முட்டை விலை இறங்கும் நாட்களில் சரக்கைத் தேக்கி வைக்க அவர் கட்டிய குளிரறை அது. பிறகு பெரிதாக வேறொன்று கட்டிக்கொண்டதில் இது சும்மா கிடந்தது. அவருடைய தங்கை சௌந்திரத்தின் கணவர் தீனதயாளன், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர்தான் அதைத் தன் ஆய்வுக்குக் கேட்டு வாங்கினார். இயற்பியலில் முதுகலை முடித்திருந்த ஜெர்லின் அவருக்கு ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தாள். சூரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள்.

அவர்கள் அளந்தது மீகடத்தி நாடாக்களை. பார்ப்பதற்குப் பரிசுப் பொட்டலத்தில் கட்டும் ரிப்பன் மாதிரி இருக்கும். காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். திரவ நைட்ரஜனில் முக்கிக் குளிரவைத்துவிட்டால், ஒரு தெருவுக்கே போதுமான மின்னோட்டத்தை அந்த ரிப்பன் சூடாகாமல் தாங்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நாடாவின் இரண்டு முனைகளுக்கும் இடையில் மின்னழுத்தம் வெகுநேரம் ஒன்றுமில்லாமல் கிடக்கும். எல்லை நெருங்கும்போது மெல்லத் தலைதூக்கும். அந்த இடத்தில் குறித்துக்கொண்டு உடனே இறக்கிவிட வேண்டும். தவறினால் நாடா கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும்.

அந்தத் தலைதூக்கல் அவ்வளவு சிறியது. பண்ணையின் தீவன அரவை மோட்டார் ஓடினாலே கருவியில் எண்கள் ஆடும். குளிரறையின் சுவர்களும் கதவும் உலோகத் தகடு பொதிந்தவை. கதவைச் சாத்தினால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். அதனால் தீனதயாளன் சாத்தச் சொல்வார். மின்னோட்டம் கொடுக்கும் பெட்டியும் அளக்கும் கருவியும் வெளித் தாழ்வாரத்தில் ஜெர்லின் மேஜைமேல் இருக்கும். கேபிள்கள் பழைய குளிர்வாயுக் குழாய் போன ஓட்டை வழியாக உள்ளே போகும். அறைக்குள் செல்போன் எடுக்காது என்பதால் ஒயர் இழுத்து ஓர் இன்டர்காம் வைத்திருந்தார்கள். அவர் உள்ளே நைட்ரஜனைப் பார்த்துக்கொள்வார். இவள் வெளியே எண்களைப் பார்த்துக்கொள்வாள்.

"சார், ஒரு ஆக்சிஜன் மீட்டர் வாங்கிரலாமே" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"வாங்கலாம்மா. நாம ஊத்தறது ஒரு சொம்பு நைட்ரஜன். இந்த ரூமுக்கு அது எம்மாத்திரம்?" என்பார்.

சொல்வது சரிதான். சின்ன நாடாத்துண்டுக்குச் சின்னப் பாத்திரம் போதும். ஆனால் அன்றைக்கு அளக்க வேண்டியது துண்டு அல்ல. நீளமான நாடாவை ஓர் உருளையில் பல சுற்றுகள் சுற்றியிருந்தார்கள். சுற்றிய பிறகும் அது அதே அளவு மின்னோட்டத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உருளை முழுவதும் மூழ்குவதற்காக மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்திருந்தார் தீனதயாளன். பக்கத்தில் நைட்ரஜன் நிரம்பிய இரண்டு பெரிய கேன்கள். உட்கார ஒரு குட்டை முக்காலி.

"இவ்வளவு எதுக்கு சார்?"

"பொட்டி குளுந்து அடங்கறதுக்கே பாதி போயிரும். நீ வெளிய போ, கதவச் சாத்திக்க."

அவள் சாத்தினாள்.

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. பண்ணையாட்கள் கோழிக் கொட்டகைகளில் இருந்தார்கள். தாழ்வாரத்தில் அவளும் ஈக்களும்தான். ஜெர்லின் மின்னோட்டத்தைப் பத்துப் பத்து ஆம்பியராக ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் இன்டர்காமில் எண்ணைச் சொல்வாள். உள்ளேயிருந்து அவர் "லெவல் சரி" என்பார். உருளை முழுவதும் மூழ்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

"ஐம்பது சார்."

"லெவல் சரி."

"அறுபது."

"இரு, கொஞ்சம் ஊத்திக்கறேன்." சீறல் சத்தம் கேட்டது. "ம், சரி."

எழுபதில் மறுபடி ஊற்றினார். எண்பதிலும் ஊற்றினார். முன்பெல்லாம் இப்படி அடிக்கடி ஊற்றியதில்லை.

"சார், என்ன, லெவல் நிக்க மாட்டேங்குதா?"

"பொட்டி லேசா விரிசல் உட்டிருக்குது. அடியில கசியுது. ஊத்திக்கிட்டே இருந்தாப் போதும், நீ ஏத்து."

தரையில் கசிந்த நைட்ரஜன் திரவமாக இருக்காது; அந்தக் கணமே வாயுவாகப் பொங்கும். ஒரு லிட்டர் திரவம் ஓர் ஆளுயரப் பீரோவை நிரப்பும் அளவுக்கு விரியும். குளிர்ந்த வாயு கனமாகத் தரையோடு தேங்கும். அவர் உட்கார்ந்திருப்பது குட்டை முக்காலியில்.

"சார், நிறுத்திரலாம். வெளிய வந்துருங்க. வேற பொட்டி பாத்துக்கலாம்."

"இவ்வளவு தூரம் குளுர வெச்சாச்சு. இன்னும் நாலு படி. தொண்ணூறு போ."

அவள் விரல் மின்னோட்டப் பெட்டியின் குமிழில் இருந்தது. தொண்ணூறுக்கு ஏற்றினாள். கருவியில் எண் அசையவில்லை. நூறுக்கு ஏற்றினாள்.

"நூறு சார்."

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. "நூறு. நல்லா இருக்குது."

"லெவல் சரியா சார்?"

"நல்லா இருக்குதும்மா." அப்புறம் அவர் சிரித்தார்.

ஜெர்லின் குமிழிலிருந்து கையை எடுத்தாள். அளவெடுக்கும்போது தீனதயாளன் சிரித்து அவள் கேட்டதில்லை. இருமினால்கூட எரிச்சல்படுகிறவர். இது கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தவர் சிரிப்பது போலச் சாவகாசமாக இருந்தது.

"சார், லெவல் என்னன்னு சொல்லுங்க."

"நூத்திப்பத்து."

"நான் இன்னும் ஏத்தலை சார்."

"நூத்திப்பத்து" என்றார் மறுபடி. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. "ஏத்திரு... நூத்தி... பத்து."

சொல்லப்பட்ட எண்ணுக்கு ஏற்றிப் பழகிய கை, அவள் நினைப்பதற்குள் ஏற்றிவிட்டது. ஏற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரவ நைட்ரஜன் வாங்கும்போது அவள் எங்கோ படித்திருந்தாள்: காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது, நெஞ்சு அடைக்காது, எச்சரிக்கையாக ஒன்றுமே நடக்காது. சிலருக்குக் கடைசியில் சந்தோஷமாக இருக்கும்.

"சார்! எந்திரிங்க! எந்திரிச்சு நில்லுங்க சார்! கதவத் தொறங்க!"

சீறல் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஏதோ ஒன்று உருண்டு விழுந்தது. பிறகு சீறல் மட்டும்.

கதவின் கைப்பிடியை இழுக்கும்போது அவள் கை இரண்டு தடவை வழுக்கியது. கதவு திறந்ததும் வெள்ளைப் புகை அவள் பாதங்கள்மேல் வழிந்தோடியது. குளிர் கணுக்கால்வரை ஏறியது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. முக்காலி கவிழ்ந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் இடதுகை அடியில் மாட்டியபடி ஒருக்களித்துக் கிடந்தார் தீனதயாளன். கால்கள் கதவுப் பக்கம். ஓடிப்போய்த் தொட்டுவிடும் தூரம்தான்.

அவள் போகவில்லை. வாசலில் நின்றாள். உள்ளே போய் ஒருமுறை மூச்சிழுத்தால் தானும் அவர் பக்கத்தில் விழுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பார்க்கப் பார்க்க, தரையோரப் புகையைத் தவிர ஒன்றுமே இல்லாத சாதாரண அறையாக இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஏங்கண்ணு, சாப்பாடு..."

சௌந்திரம் கையில் தூக்குப்பாத்திரத்துடன் தாழ்வாரத்தில் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஜெர்லினின் முகத்தைப் பார்த்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். தூக்கு கீழே விழுந்தது. அவள் ஓடி வந்த வேகத்துக்கு ஜெர்லின் குறுக்கே பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போகாதீங்கக்கா! உள்ள காத்து இல்ல!"

"உடு புள்ள! அங்க கெடக்கறாரு பாரு! உடு என்னைய!"

"போனா நீங்களும் விழுந்துருவீங்க!"

"கதவுதான் தொறந்து கெடக்குதே! காத்து இல்லீங்கறியே, என்ன சொல்ற நீ?" சௌந்திரம் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தோட்ட வேலை செய்த கை. ஜெர்லினுக்குக் காது அடைத்தது. ஆனாலும் அவள் பிடியை விடவில்லை. இருவரும் சுவரில் மோதிச் சரிந்தார்கள். ஜெர்லின் அவளைத் தரையோடு அழுத்திக்கொண்டு முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"ஃபேன் வேணும்! முட்டை பிரிக்கற எடத்துல இருக்கே, பெரிய ஃபேன், அத இழுத்துட்டு வாங்க! கயிறும் வேணும்! சீக்கிரம்க்கா, சாரு செத்துருவாரு!"

செத்துருவார் என்ற சொல் சௌந்திரத்தை எழுப்பியது. அவள் எழுந்து ஓடினாள். ஓடும்போதே அலறலும் தொடங்கியது: "அண்ணா! அண்ணோய்! ஓடியாங்க!"

ஜெர்லின் கதவு மூடிக்கொள்ளாமல் தன் நாற்காலியை இடுக்கில் செருகினாள். மேஜைமேல் கருவியின் எண்கள் தறிகெட்டு ஏறுவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். பெட்டியில் நைட்ரஜன் இறங்கி உருளை வெளியே தெரிய ஆரம்பித்திருக்க வேண்டும். நாடா கருகிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. "சேசுவே, சேசுவே" என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சௌந்திரம் ஃபேனைத் தரையில் தேய்த்துக்கொண்டே இழுத்து வந்தாள். தோளில் முட்டை வண்டியில் கட்டும் நைலான் கயிறு. கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான். அதில் மின்னோட்டப் பெட்டி செருகியிருந்தது. ஜெர்லின் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஃபேனைச் செருகினாள். ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. தரையில் தேங்கியிருந்த புகை கலைந்து, சுவரில் மோதி, அவர்கள் தலைக்குமேல் வெளியேறியது.

எவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும்? அது அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல மீட்டரும் இல்லை. காத்திருக்க அவரிடம் நேரமும் இல்லை.

கயிற்றின் ஒரு முனையில் நீளமாக மிச்சம் விட்டுத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். "நான் விழுந்துட்டா இழுத்துருங்கக்கா. உள்ள மட்டும் வந்துராதீங்க. என்ன ஆனாலும் வராதீங்க."

சௌந்திரம் கயிற்றை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவள் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

ஜெர்லின் வெளிக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். தரையில் உறைபனி; செருப்பு வழுக்கியது. குனிந்தபோது கண்களில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விடு, விடு என்று உடம்பு கேட்டது. தன் நெஞ்சே தனக்கு எதிராக மாறியதைப் போல இருந்தது. கயிற்றின் மிச்சத்தை அவர் கணுக்கால்களில் சுற்றினாள். முடிச்சு விழவில்லை. மறுபடி சுற்றினாள். காதுக்குள் தன் ரத்தம் இரைவது மட்டும் கேட்டது. முடிச்சை இறுக்கிவிட்டு வாசலைப் பார்த்து ஓடி வந்து தாழ்வாரத்தில் விழுந்து வாயைத் திறந்தாள். உள்ளே போன காற்று வெந்நீரைப் போலச் சுட்டது.

"இழுங்க!"

இருவரும் இழுத்தார்கள். பனிபடிந்த தரை என்பதால் அவர் சுலபமாகவே நகர்ந்தார். வாசற்படியில் மட்டும் தோள் இடித்து நின்றது. சௌந்திரம் ஒரு கூச்சலோடு இழுத்த இழுப்பில் வெளியே வந்துவிட்டார்.

உதடுகள் நாவற்பழம் தின்றது போல இருந்தன. இடது கையும் கன்னத்தின் ஒரு பகுதியும் வெளுத்து மெழுகாகத் தெரிந்தன. நெஞ்சு அசையவில்லை.

"ஏனுங்க... ஏனுங்க... கண்ணு முழிச்சுப் பாருங்க" என்று சௌந்திரம் அவரை உலுக்கினாள். ஜெர்லின் அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயில் வாய் வைத்து ஊதினாள். கல்லூரி முகாமில் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. பொம்மையின் உதடு இப்படிக் குளிர்ந்திருக்கவில்லை. மறுபடி ஊதினாள். மறுபடியும். இது போதாது, இது தவறு, தான் ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்போது அவர் தொண்டையில் விக்கலைப் போல ஒன்று கிளம்பியது. பிறகு கரகரவென்று ஒரு நீண்ட மூச்சு. அவ்வளவு அசிங்கமான சத்தத்தை ஜெர்லின் கேட்டதில்லை. சௌந்திரம் அதைக் கேட்டதும்தான் அழத் தொடங்கினாள்.

அலறல் கேட்டு வந்த சென்னிமலை காரைத் தாழ்வாரத்தை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். "அறைக்குள்ள யாரும் போகாதீங்க" என்று அங்கே கூடிவிட்ட ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஜெர்லின் காரில் ஏறினாள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை சௌந்திரம் கணவரின் மூக்கடியில் விரலை வைத்தபடியே இருந்தாள்.

தீனதயாளன் பிழைத்துக்கொண்டார். இடது உள்ளங்கையிலும் கன்னத்திலும் தீக்காயத்தைப் போலக் கொப்புளங்கள். சொற்கள் சில நாட்கள் தடுமாறின, பிறகு சரியாயின. ஜெர்லின் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டேப் என்னாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி.

"எரிஞ்சுருச்சு சார்."

அவர் முகம் சுருங்கியது. "கரண்ட்ட இறக்கிட்டு வந்திருக்கலாமில்ல? ஒரு நிமிசம். நான் நல்லாத்தானே பேசிட்டிருந்தேன். கடைசியா நூறுன்னு சொன்னே, லெவல் சரின்னேன்."

"அதுக்கப்புறம் நீங்க சிரிச்சீங்க சார்."

"நானா?"

"சாவகாசமாச் சிரிச்சீங்க. நான் ஏத்தறதுக்கு முன்னாடியே நூத்திப்பத்துன்னீங்க. இன்னும் ஏத்தலைன்னு சொன்னேன். நீங்க நூத்திப்பத்துன்னே சொல்லிட்டு இருந்தீங்க. குழந்தை மாதிரி."

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வந்ததை ஜெர்லின் அப்போதுதான் பார்த்தாள். தனக்குத் தெரியாமலே தன் உயிர் போய்க்கொண்டிருந்ததைப் பிறர் சொல்லிக் கேட்கும்போது வருகிற பயம்.

"எனக்கு அது ஒண்ணுமே ஞாபகம் இல்லியே" என்றார் மெல்ல.

ஜெர்லின் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிட முடியவில்லை. அம்மா செல்வமேரியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குளித்தாள். ஏசி பஸ் வந்தால் ஏறாமல் அடுத்ததற்கு நின்றாள். ஞாயிறு பூசைக்குச் சர்ச்சுக்குப் போனவள் கூட்டம் நெருக்கியதும் பாதியில் வெளியேறி வந்துவிட்டாள். நல்ல காற்றில் நின்றுகொண்டே, இதில் ஆக்சிஜன் இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று யோசிப்பாள். அந்த யோசனை வந்துவிட்டால் மூச்சை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் சௌந்திரம் சூரமங்கலத்துக்கு வந்தாள். தோட்டத்துத் தேங்காயும் வாழைத்தாரும் கொண்டு வந்திருந்தாள். செல்வமேரி காப்பி போடப் போனதும் ஜெர்லினின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிச்சுதா சாமி?"

"அப்போ தெரியலைக்கா."

"எனக்கும் தூக்கம் இல்ல. அவரு தூங்கும்போது நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்துட்டே கெடக்கறேன். டிவி பாத்துட்டுச் சிரிக்கறாரு, நான் ஓடிப்போய் நிக்கறேன்."

இந்தப் பயம் வேறு யாருக்கும் புரியாது என்று ஜெர்லின் நினைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அது அப்படியே இருந்தது. ஜெர்லினுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்தது.

"மறுபடியும் அளக்கணும்னு நிக்கறாரு" என்றாள் சௌந்திரம். "வேற ஆளப் போட்டுச் செய்வாரு போல. நீ இருந்தீன்னா நீ சொல்றதக் கேப்பாரு. வர்றதும் வராததும் உன்ற இஷ்டம். நான் ஒண்ணு செஞ்சுட்டேன். அண்ணங்கிட்டச் சொல்லி அந்தக் கதவக் கழட்டி ஊட்டுக்குப் பின்னால போட்டாச்சு. எதுத்த சொவத்துலயும் ஆளுயரத்துக்கு ஓட்டை போட்டாச்சு. அவரு கத்துனாரு. கத்தட்டும்."

ஜெர்லின் போவதாக உடனே சொல்லவில்லை. ஆனால் சம்மதித்தபோது அவள் போட்ட நிபந்தனைகள் கறாராக இருந்தன. ஆக்சிஜன் மீட்டர் வாங்கிய பிறகுதான். எவர்சில்வர் தொட்டிதான், தெர்மோகோல் கூடாது. குனிந்து உட்காரும் வேலை எதுவும் இல்லை. அவள் நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். தீனதயாளன் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கதவில்லாத அறையில் மோட்டார் இரைச்சலை என்ன செய்வது என்று மட்டும் முனகினார். அரவை நிற்கும் நாளாகப் பார்த்து அளந்துகொள்ளலாம் என்றாள் அவள்.

அந்த நாள் வந்தபோது காற்று இரண்டு பக்கமும் தாராளமாகப் புகுந்து வெளியேறியது. கோழி நாற்றமும் ஈக்களும்கூட வந்தன. புதிய நாடாவை உருளையில் சுற்றித் தொட்டியில் இறக்கியிருந்தார்கள். மீட்டர் சுவரில் பச்சை விளக்கோடு நின்றது. ஜெர்லின் அதை நம்பவில்லை. ஒவ்வொரு படிக்கும் எழுந்துபோய்ப் பார்த்தாள். தீனதயாளன் ஒருமுறை செருமினார். அவள் குமிழை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒண்ணுமில்ல, தொண்டை" என்றார் அவர் பணிவாக.

தொண்ணூறு. நூறு. நூற்றுப்பத்து வந்தபோது அவள் கை நின்றது. அவரும் எண்ணைச் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்து ஏற்றினாள். எண் அசையவில்லை. நூற்றிருபதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினாள். நூற்றிருபத்தேழில் மின்னழுத்தம் மெல்லத் தலைதூக்கியது. அவள் குறித்துக்கொண்டு உடனே இறக்கினாள். சுற்றாத நாடா தாங்கியதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தீனதயாளன் நினைத்திருந்ததைவிட நல்ல விடை.

மின்னோட்டம் சுழியத்துக்கு வந்ததும் அவள் கைகள் நடுங்கத் தொடங்கின. மடியில் கோத்து வைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

"ஒரு தடவை திருப்பிப் பாத்துட்டா உறுதியாயிரும்" என்றார் தீனதயாளன். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். "இல்ல, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு சார்" என்றாள் ஜெர்லின். "நாளைக்கு வாரேன்."

வெளியே சௌந்திரம் புடவைத் தலைப்பால் ஈயை ஓட்டிக்கொண்டே, முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.